ஒரு நடைக்கு ஒரு குன்று

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கு ஆட்களை அழைத்துச் செல்லும் வேலையை நான் திட்டமிட்டுத் தொடங்கவில்லை. மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வரலாற்று ஆசிரியராக இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் பதினெட்டுப் பேரை ஒரு சனிக்கிழமை காலையில் கீழவளவு பஞ்சபாண்டவர் மலைக்குக் கூட்டிச் சென்றேன். அடுத்த மாதம் அவர்களுள் சிலருடைய பெற்றோர் தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். அதற்கடுத்த மாதம் அந்தப் பெற்றோரின் அலுவலக நண்பர்கள் வந்தார்கள். கோடையும் அடைமழைக் காலமும் போக ஆண்டுக்கு ஏழெட்டு மரபு நடைகள் என்று பதினொரு ஆண்டுகள் ஓடிவிட்டன. இதில் நான் கற்றவற்றுள் பெரும்பகுதி என் தவறுகளிலிருந்து கற்றது என்பதால், தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். புதிதாக நடை ஒருங்கிணைக்க விரும்புகிறவர்களுக்கு அவையே அதிகம் பயன்படும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் நான் வந்தவர்களை ஓட வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழக்குயில்குடி சமணமலையில் தொடங்கி, நகரத்தைக் கடந்து அரிட்டாபட்டி, பிறகு கீழவளவு, வெயில் சாயும் நேரத்தில் கருங்காலக்குடி என்று ஒரே நாளில் நான்கு குன்றுகளைக் காட்டினேன். கொடுத்த பணத்துக்கு நிறையப் பார்த்தோம் என்ற நிறைவு எல்லோருக்கும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். திரும்பும் வழியில் வேனில் ஓர் அம்மையார், "சார், ஒரு தாயார் பேரைக் கல்லுல வெட்டியிருந்தாங்களே, அது எந்த மலையில?" என்று கேட்டார். சமணமலையின் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும், சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் திருமேனிகளுள் ஒன்றின் கீழ், அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் அதைச் செய்வித்ததாக வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அச்சணந்தியின் பெயர் மதுரை வட்டாரத்துக் குன்றுகள் பலவற்றில் காணப்படுவது. அவருடைய தாயாரைப் பற்றிய அந்த ஒற்றை வரி, ஆயிரத்து நூறு ஆண்டுகளைத் தாண்டி ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அன்று அந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்கே சில நொடிகள் தேவைப்பட்டன. நான்கு மலைகளும் என் தலைக்குள்ளேயே ஒன்றாகக் கலந்திருந்தன என்றால், முதன்முறை பார்த்தவர்களின் நிலையை விளக்க வேண்டியதில்லை.

அதற்குப் பின் ஒரு நடைக்கு ஒரு குன்று என்பதை விதியாக வைத்துக்கொண்டேன். காலை ஆறு மணிக்கு அடிவாரத்தில் கூடுவது, ஒன்பதரைக்குள் இறங்கிவிடுவது, இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. கீழடி அகழாய்வு பேசப்படத் தொடங்கிய பிறகு, அதிலும் 2023 மார்ச்சில் அங்கே அருங்காட்சியகம் திறக்கப்பட்ட பிறகு, ஒரே அறிவிப்புக்கு நூறு பேர் வரை பெயர் கொடுத்தார்கள். நூறு பேரை மலையேற்றவும் முடியும். ஆனால் ஒரு குகைத்தளத்தின் முன்னால் இருபது பேர் நின்றாலே பின்வரிசைக்குக் கல்வெட்டு தெரியாது, தெரியாதவர்கள், சமணத் துறவியர் படுப்பதற்காகப் பாறையில் வெட்டிய கற்படுக்கைகளின்மேல் ஏறி நிற்பார்கள். ஆகவே ஒரே குன்றுக்கு நான்கு வாரம் நான்கு குழுக்களாக அழைத்துச் செல்கிறேன். எனக்குச் சலிப்பாக இருக்காதா என்று கேட்கிறவர்கள் உண்டு. வகுப்பறையில் ஒரே பாடத்தை நான்கு பிரிவுகளுக்கு நடத்தியவனுக்கு இது பெரிய காரியமாகத் தோன்றுவதில்லை.

பாறை ஓவியங்களைக் காட்டுவதில்தான் நான் மிகவும் தடுமாறினேன். கருங்காலக்குடிக் குன்றில் கற்படுக்கைகளும், தமிழி (தமிழ் பிராமி) என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டும், தீர்த்தங்கரர் சிற்பமும், அவற்றோடு வெண்ணிறத்தில் தீட்டிய ஓவியங்களும் இருக்கின்றன. சிற்பத்தைக் காட்டினால் எல்லோரும் உடனே பார்த்துவிடுகிறார்கள். ஓவியத்தைக் காட்டும்போது, "எங்கே சார்?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும். பாறையிலேயே வெளிறிய திட்டுகளும், நீர் வழிந்த தடங்களும், பாசி படர்ந்து காய்ந்த வளையங்களும் இருக்கின்றன. அவற்றின் நடுவே மனிதக் கை போட்ட கோடு எது என்று பிரித்தறியக் கண்ணுக்கு நேரம் வேண்டும். நான் விரலை நீட்டி, "இதோ தலை, இதோ கை" என்று சொல்லிவிட்டால் அவர்கள் தலையசைப்பார்கள். ஆனால் பார்த்திருக்க மாட்டார்கள். மேலும், சுட்டும் விரல் ஒவ்வொரு முறையும் பாறைக்கு இன்னும் கொஞ்சம் அருகே போகும். பின்னால் நிற்பவருக்காக நீட்டிய விரல் கடைசியில் ஓவியத்தைத் தொட்டுவிடும். நம் தோலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் நூற்றுக்கணக்கான விரல்களால் ஒரே இடத்தில் படியும்போது நிறத்துக்கு என்ன ஆகும் என்பதைக் கோயில் தூண்களில் கைபட்டுக் கறுத்த இடங்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

இப்போது குகையின் நிழலுக்குள் சென்றதும் அனைவரையும் பத்து நிமிடம் உட்காரச் சொல்கிறேன். வெளி வெளிச்சத்திலிருந்து வந்த கண் நிழலுக்குப் பழக அந்த நேரம் வேண்டும். பேச்சு கூடாது, கைப்பேசி கூடாது, தெரிந்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் கூடாது. பத்து நிமிடம் முடிந்த பிறகு ஒவ்வொருவரும் கண்டதைச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சிறுவர்களே முதலில் காண்கிறார்கள். பெரியவர்கள் இல்லாததையும் சேர்த்துக் காண்கிறார்கள். பார்வை எட்டாதவர்களுக்காக நீளமான மூங்கில் குச்சியைத் தொலைவிலிருந்து நீட்டித் திசை காட்டுகிறேன். குச்சி பாறையைத் தொடுவதில்லை. கல்லில் வெட்டிய எழுத்துக்கும் புடைப்புச் சிற்பத்துக்கும் வேறொரு வழி உண்டு. கைவிளக்கை நேராக அடிக்காமல், பாறையை ஒட்டினாற்போல் பக்கவாட்டிலிருந்து பிடித்தால், ஆழமில்லாத வெட்டுகூட நிழல் கட்டி எழுந்து நிற்கும். வெயிலிலும் அப்படித்தான்: உச்சிப்பொழுதில் தட்டையாகத் தெரியும் எழுத்து, ஒளி சாய்ந்து விழும் நேரத்தில் படிக்கும்படி ஆகிவிடும். எனவே ஒவ்வொரு குன்றிலும் எந்தப் பாறைக்கு எப்போது சாய்வெளிச்சம் விழுகிறது என்று முன்கூட்டியே போய்க் குறித்து வைத்துக்கொள்வது வழிகாட்டியின் கடமை.

எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதில் எனக்குக் கைவந்த முறை ஒன்று இருக்கிறது. குகையின் நெற்றிப் பகுதியில் நீளவாக்கில் ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறையில் வழிந்து உள்ளே வந்து படுக்கைகளை நனைக்காமல் வெளியிலேயே சொட்டுவதற்காக வெட்டிய காடி அது. முதலில் அந்தக் காடியைக் கண்டுபிடிக்கச் சொல்வேன். பெரும்பாலான இடங்களில் கல்வெட்டு அதை ஒட்டியே இருக்கும். அடுத்து, கூட்டல் குறி போன்ற வடிவத்தைத் தேடச் சொல்வேன். அது 'க'. நிமிர்ந்த கோடு 'ர'. தூண்டில் போல வளைந்தது 'ப'. இந்த மூன்று தெரிந்தால் போதும், எந்த வயதினரும் பாறையை விட்டு நகர மாட்டார்கள். அரிட்டாபட்டியில் உள்ள ஒரு கல்வெட்டு, நெல்வேலியைச் சேர்ந்த செழியன் அதினன் வெளியன் என்பவன் அந்த முழையை, அதாவது குகையை, செய்து கொடுத்ததைச் சொல்கிறது. 'முழாகை கொடுபிதோன்' என்ற அதன் முடிவுச் சொற்களை எழுத்துக்கூட்டி வாசித்த ஓர் ஆட்டோ ஓட்டுநர், "கொடுப்பித்தவன்னுதானே சார், இது நம்ம தமிழ்தானே" என்று கேட்டதை மறக்க முடியாது.

கீழவளவில் இன்னொரு வேடிக்கை உண்டு. அங்குள்ள தமிழிக் கல்வெட்டில் எழுத்துகள் இடவலம் மாறியும் தலைகீழாகவும் வெட்டப்பட்டிருக்கின்றன. மாணவன் ஒருவன் கைப்பேசியில் படமெடுத்து, படத்தைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிக் காட்டினான். நான் வருடக்கணக்காகக் கழுத்தைச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தது ஒரு நொடியில் நேரானது. தொண்டியைச் சேர்ந்த உபாசகர், அதாவது துறவியரைப் போற்றும் இல்லறத்தார், ஒருவர் கொடுத்த பள்ளி (துறவியர் இருப்பிடம்) என்பது அதன் பொருள். கடற்கரைத் துறைமுகத்து ஊர்க்காரர் உள்நாட்டுக் குன்றில் துறவியருக்கு ஏன் இருப்பிடம் அமைத்துக் கொடுத்தார் என்ற கேள்வியை அங்கேயே எழுப்பிவிடுவேன். மாங்குளம் கல்வெட்டுகளில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனின் பெயரோடு வெள்ளறை நிகமத்தோர் என்ற வணிகக் குழுவினரும் வருவதை அதனுடன் வைத்துப் பார்க்கும்போது, இந்தக் குன்றுகள் ஊரை விட்டு ஒதுங்கியிருந்தாலும் வணிகப் பாதைகளை விட்டு ஒதுங்கியிருக்கவில்லை என்பது பிடிபடும். கற்படுக்கைகளுக்கு ஊரார் வழங்கும் பஞ்சபாண்டவர் படுக்கை என்ற பெயரைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். பெயர் சூட்டப்பட்ட எல்லா மலைகளிலும் அவர்கள் படுத்திருந்தால் பன்னிரண்டு ஆண்டு வனவாசம் போதியிருக்காது என்று மட்டும் சொல்வேன்.

இனி என் தவறுகளில் பெரியது. தொடக்க காலத்தில் கல்வெட்டு எழுத்துகள் படத்தில் தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக, வகுப்பறையிலிருந்து கொண்டு போன சுண்ணக்கட்டியால் எழுத்துகளின் பள்ளங்களை நிரப்பினேன். அப்போது பலரும் அப்படிச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது சமாதானம் ஆகாது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அதே இடத்துக்குக் கல்வெட்டுகள் அறிந்த நண்பர் ஒருவருடன் சென்றேன். ஓர் எழுத்தின் கால் இடப்பக்கம் வளைவதாக நான் உறுதியாகச் சொன்னேன். அவர் விளக்கைச் சாய்த்துக் காட்டினார். அங்கே வளைவே இல்லை. பாறையின் இயற்கையான வெடிப்பின்மேல் என் சுண்ணக்கட்டி ஓடியிருந்தது. அதாவது நான் கல்வெட்டைப் படமெடுக்கவில்லை, என் ஊகத்தைப் பாறையின்மேல் எழுதி அதைப் படமெடுத்திருந்தேன். அந்தப் படம் அதற்குள் பல கைகளுக்குப் போயிருந்தது. பள்ளத்துக்குள் இறுகிய வெண்பொடி இரண்டு மழைக்காலம் கடந்தும் முழுதாகப் போகவில்லை. கல்வெட்டின்மேல் தாளை ஒற்றி மைப்படி எடுப்பது உரிய அனுமதியுடன் பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. நம்மைப் போன்றவர்களுக்குச் சாய்வெளிச்சமும் பொறுமையும் போதும். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களைச் சிதைப்பதும் உருக்குலைப்பதும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். 2010இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டாண்டு வரை சிறையோ ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். இதை நடையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துவதாகச் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

சுண்ணக்கட்டியைவிடப் பரவலாக நடக்கும் தீங்கு, ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளிப்பது. காவி நிறம் நனைந்ததும் கருஞ்சிவப்பாகி ஒரு நிமிடம் பளிச்சென்று தெரியும். படம் எடுப்பவர்களுக்கு அந்த ஒரு நிமிடம் போதும். ஆனால் அந்த நீர் பாறைக்குள் இறங்கி, உள்ளிருக்கும் உப்புகளைக் கரைத்துக்கொண்டு, உலரும்போது அவற்றை மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. பலமுறை நனைத்த ஓவியத்தின்மேல் வெண்படலம் படர்ந்துவிடும். பிறகு எவ்வளவு நனைத்தாலும் எதுவும் தெரியாது. இதற்கு மாற்றாகக் கணினி வழி ஒன்று இருக்கிறது. ஜான் ஹார்மன் உருவாக்கிய டிஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருள், சாதாரணப் படத்திலுள்ள நிற வேறுபாடுகளை மிகைப்படுத்தி, கண்ணுக்கு மங்கிப்போன காவிக் கோடுகளைத் தனியே எழுப்பிக் காட்டுகிறது, கைப்பேசியிலும் பயன்படுத்தலாம். என் அனுபவத்தில் சிவப்பு ஓவியங்களுக்கு இது வியக்கத்தக்க அளவில் உதவுகிறது, வெள்ளைக்கு அவ்வளவாக உதவுவதில்லை.

இதை நான் முதன்முதலில் சோதித்தது விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்வாலையில். நண்பர்கள் பத்துப் பேராக இரயிலில் சென்று, விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் சாலை வழியாகப் போனோம். செங்காவியில் தீட்டிய அந்த உருவங்களில் மனிதர்களின் முகங்கள் பறவையின் அலகு போல நீண்டிருக்கின்றன. விலங்கின்மேல் ஒருவர் அமர்ந்திருக்க மற்றொருவர் அதை நடத்திச் செல்லும் காட்சியும், படகு போன்ற ஒன்றில் நிற்பவர்களும் அங்கே உண்டு. ஊரார் இரத்தக்குடைக்கல் என்று சொல்லும் அந்தப் பாறையின் முன்னால் நின்றபோது, அது முகமூடியா, சடங்கா, வேட்டைக்கான வேடமா என்று எங்களுக்குள் அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. அந்த வாக்குவாதத்தை யாரும் முடித்துவைக்கவில்லை என்பதே அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த பகுதி.

ஓவியங்களின் வயதைப் பற்றிப் பேசும்போது வழிகாட்டிகள் கவனமாக இருக்க வேண்டும். "பத்தாயிரம் ஆண்டுப் பழமை" என்று சொன்னால் கூட்டம் வியக்கும். அந்த வியப்புக்கு நானும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்தேன். காவி என்பது இரும்பு கலந்த மண். கரிமத்தை அளந்து வயதைக் கணிக்கும் முறைக்கு வேண்டிய கரிமம் அதில் கிடையாது. ஆகவே எந்த நிறம் எதன்மேல் தீட்டப்பட்டிருக்கிறது, வரைந்த பொருள் என்ன, அருகில் கிடைக்கும் கருவிகளும் பானை ஓடுகளும் ஈமச்சின்னங்களும் எந்தக் காலத்தவை என்பவற்றை வைத்தே ஆய்வாளர்கள் காலத்தை உய்த்துணர்கிறார்கள். தமிழகத்தில் பாறை ஓவியங்கள் பற்றிய ஆய்வுக்குத் தொடக்கமாகச் சொல்லப்படுவது, தொல்லியல் அறிஞர் கே. வி. ராமன் 1978இல் வெளிப்படுத்திய, கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடி ஓவியங்கள். அங்கே வெள்ளை நிறத்தில் குதிரைமேல் அமர்ந்து பொருதும் இரு வீரர்கள் இருக்கிறார்கள். குதிரையேறிப் போரிடும் வழக்கம் இந்த மண்ணுக்கு வந்த பிறகே அந்த ஓவியம் வந்திருக்க முடியும் என்று சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்குகிறது. காலக்கணிப்பு எப்படி நடக்கிறது என்பதும் அதிலேயே விளங்கிவிடுகிறது. ஓர் எண்ணைச் சொல்லி வியக்க வைப்பதைவிட இது எனக்கு நிறைவாக இருக்கிறது.

மலைத்தேனீயைப் பற்றி எழுதாமல் இந்தப் பகிர்வை முடிக்க முடியாது. துறவியர் படுத்த அதே பாறைப் புடைப்புகளின் அடியில்தான் மலைத்தேனீயும் அடை கட்டுகிறது. நிழலும் மழை மறைவும் இருவருக்கும் ஒன்றுபோல் தேவை. ஐந்தாண்டுகளுக்கு முன் ஒரு நடையில், நண்பர் ஒருவருடன் வந்த இளைஞர் என்னிடம் கேட்காமல் டிரோனைப் பறக்கவிட்டார். கேட்டிருந்தாலும் அன்று நான் சம்மதித்திருக்கக்கூடும். எனக்கு அதன் விளைவு தெரியாது. அந்த ரீங்காரம் பாறைக்கு அருகே போன அரை நிமிடத்துக்குள் அடை முழுவதும் கறுத்து அலையடித்தது. பதினொரு பேரைத் தேனீக்கள் கொட்டின; அவர்களுள் ஒருவருக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட கொட்டுகள். அவரை மருத்துவமனையில் ஓரிரவு வைத்திருந்து அனுப்பினார்கள். அவர் இன்றும் நடைக்கு வருகிறார். நான்தான் அந்தக் குன்றுக்கு ஓராண்டு போகவில்லை.

அன்று நாங்கள் செய்த தவறுகளை வரிசைப்படுத்தினால் அதுவே வழிமுறையாகிவிடும். சிலர் அசையாமல் படுத்துக்கொண்டார்கள். சிலர் துண்டை வீசி விரட்டினார்கள். தேனீ கூட்டமாகக் கிளம்பிய பிறகு நின்ற இடத்தில் இருக்கக் கூடாது; தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு, கையை வீசாமல், விரைவாக அவ்விடத்தை விட்டு அகன்று வண்டிக்குள்ளோ வீட்டுக்குள்ளோ போய்க் கதவை அடைத்துக்கொள்ள வேண்டும். கொட்டிய இடத்தில் தங்கும் கொடுக்கிலிருந்து எழும் வாடை மற்றத் தேனீக்களையும் அதே இடத்துக்கு இழுக்கும் என்பதால், பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் நகத்தாலோ அட்டையாலோ கொடுக்கைச் சுரண்டி எடுக்க வேண்டும். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ ஒரு கொட்டு என்றாலும் மருத்துவரிடம் ஓட வேண்டும். ஆனால் இவையெல்லாம் நடந்த பிறகு செய்பவை. முன்னே செய்ய வேண்டியது, நடைக்கு ஐந்தாறு நாள் முன் தனியே போய் அடை இருக்கிறதா என்று பார்த்துவருவது. வருகிறவர்களிடம் வாசனைத் தைலம் பூச வேண்டாம், சூடமும் பத்தியும் கொளுத்த வேண்டாம், கூச்சலிட வேண்டாம் என்று சொல்லிவைப்பது. ஒவ்வாமை உள்ளவர்களை முதல்நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது.

மலையை நாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கிறோம். ஊரார் ஏழு நாளும் அங்கேயே இருக்கிறார்கள். ஒருமுறை இறங்கி வரும்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி என்னை நிறுத்தினார். "ஏம்ப்பா வாத்தியாரே, போன தடவ நீ கூட்டியாந்த ஆளுக தின்னுட்டுப் போட்ட காயிதத்தத் தின்னு என் வெள்ளாடு ரெண்டு நாளா அசையே போடல. எழுத்தப் பாக்க வர்றீகளா, எச்சி எலை போட வர்றீகளா?" என்றார். பொட்டலம் கட்டிய இட்லியோடு வந்த நெகிழித் தாளை அவர் காயிதம் என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஆட்டுக்கு வைத்தியம் பார்த்த செலவைக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கவில்லை, "ஆடு பொழச்சுக்கிருச்சு, நீ ஒழுங்கா இரு" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து வெளியிலிருந்து பொட்டலம் கொண்டு வருவதை நிறுத்தினேன். முன்கூட்டியே சொல்லிவைத்தால் அடிவாரத்து வீடுகளில் கம்மங்கூழோ இட்லியோ செய்து தருகிறார்கள். இறங்கிய பிறகு திண்ணையில் உட்கார்ந்து தட்டில் சாப்பிடுகிறோம். பணம் அந்த வீடுகளுக்குப் போகிறது. மேலே தண்ணீரும் வெல்லக் கடலையும் தவிர வேறெதுவும் இல்லை.

பெண்கள் வெளிப்படையாகக் கேட்கத் தயங்கும் ஒன்றை ஆண் ஒருங்கிணைப்பாளர்கள் தாங்களாகவே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எந்தக் குன்றின்மேலும் கழிப்பறை கிடையாது. சமைத்துக் கொடுக்கும் வீடுகளில் ஒன்றிலோ, ஊர்ப் பள்ளியிலோ முதலிலேயே கேட்டு ஏற்பாடு செய்து, நடை அறிவிப்பிலேயே அதைக் குறிப்பிட்டால், தண்ணீர் குடிக்காமல் மலையேறி மயங்கி விழுகிறவர்கள் குறைவார்கள். இது எனக்குத் தெரிய நான்கு ஆண்டுகள் ஆயின. என் மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

ஊர்த் தலைவரான அம்பலத்திடமோ பெரியவர்களிடமோ முன்பே சொல்லிவிட்டுப் போவது மரியாதைக்காக மட்டுமே என்று நான் முதலில் எண்ணியிருந்தேன். அரிட்டாபட்டியில் பாறையைக் குடைந்து அமைத்த குடைவரைக் கோயிலில் சிவன் இன்றும் வழிபாட்டில் இருக்கிறார். அதன் பக்கத்தில் கையில் தண்டத்துடன் அமர்ந்திருக்கும், சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் தமிழகத்தில் அரிதானது. நமக்கு அது எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் கலை. ஊராருக்கு அது சாமி. செருப்பைக் கழற்றும் இடமும், திருவிழாக் காப்புக் கட்டிய நாட்களில் ஏறக் கூடாத பக்கமும் அவர்கள் சொன்னால்தான் தெரியும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டியும் அதை அடுத்த மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 எக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது ஊர் ஊராக எதிர்ப்பு எழுந்து, 2025 ஜனவரியில் அந்த ஏலம் இரத்தானது. மலையை அங்கே காத்து நின்றவர்கள் அதன் நிழலில் குடியிருப்பவர்கள். கீழவளவுக்குப் போகிறவர்கள் கிரானைட்டுக்காக வெட்டிய ஆழ்பள்ளங்களைச் சுற்றுப்புறத்தில் பார்க்கலாம். கல்வெட்டைக் காட்டும் முன் நான் அவற்றைக் காட்டுகிறேன்.

காவலோ வேலியோ இல்லாத ஓவியப் பாறைகளின் துல்லியமான இருப்பிடத்தை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. படத்தோடு இருப்பிடக் குறிப்பும் போய்விடாதபடி கைப்பேசியில் அமைப்பை மாற்றச் சொல்லி, அடிவாரத்திலேயே ஒவ்வொருவராகச் சரிபார்க்கிறேன். ஓவியத்தின் பக்கத்தில் காதலர் பெயர்களை எண்ணெய்ச் சாயத்தில் எழுதியவர்கள் வழி தெரியாமல் அங்கே வந்தவர்கள் அல்லர். எங்களைப் போன்ற யாரோ ஒருவர் வழி சொல்லியிருக்கிறார்.

நடைக்கு உகந்த மாதங்கள் மார்கழியும் தையும் மாசியும். மழை ஓய்ந்து சுனைகளில் நீர் இருக்கும். பாறையில் பாசி காய்ந்திருக்கும். பாசி காயாத கார்த்திகையில் ஏறினால் வழுக்கும், பங்குனியில் ஒன்பது மணிக்கே கைப்பிடிக் கம்பி சுடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பியோ துண்டோ, அடிப்பாகம் தேயாத காலணி. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மாங்குளம் ஓவாமலை கடினம். சமணமலையில் பேச்சிப்பள்ளம் வரை படிகள் உண்டு.

இந்த மாத நடை கருங்காலக்குடி என்று அறிவித்திருந்தேன். வழக்கம்போல ஐந்தாறு நாள் முன்பே போய்ப் பார்த்தபோது, போன ஆண்டு வெறுமையாக இருந்த பாறைப் புடைப்பின் அடியில், முறம் அளவுக்குப் புதிய அடை தொங்கியது. அங்கிருந்தே குழுவுக்குச் செய்தி அனுப்பி, நடையைச் சமணமலைக்கு மாற்றினேன். இருபத்தைந்து பேரில் இருவர் ஏமாற்றம் தெரிவித்தார்கள். ஒருவர் அடையின் படத்தை அனுப்பச் சொன்னார். நின்ற தொலைவிலிருந்து எடுத்து அனுப்பினேன். அதில் அடையும் தெரியவில்லை, ஓவியமும் தெரியவில்லை.